மலைவண்டிக்கு மலையளவு விலை

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒருவர் தன் காருக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்த்ததும் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இந்த வண்டிக்கு இந்த விலையா?" என்று சிரித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போவார்கள். இல்லாவிட்டால் உடனே போனைப் போட்டு, "கடைசி விலை என்ன சார்?" என்பார்கள். இரண்டாலும் பயன் இல்லை. வண்டியைப் பார்க்காமல் கடைசி விலை கேட்பவருக்கு விற்பவர் பத்தாயிரத்தைக் குறைத்து ஒரு எண்ணைச் சொல்லுவார். அது அவர் வாயிலிருந்து வந்த எண். நேரில் போனபிறகு அதிலிருந்து இறங்குவது அவருக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்.

சொல்லும் விலை எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் அது எங்கிருந்தோ வந்திருக்கும். எங்கிருந்து என்று தெரிந்துகொண்டால் பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே முதல் போனில் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தயாரித்த மாதமும் வருடமும், ஆர்.சி.யில் பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் முழுசா தேர்ட் பார்ட்டியா, எப்போது முடிகிறது, ஃபைனான்ஸ் ஓடுகிறதா, எதற்காக விற்கிறார், விளம்பரம் போட்டு எத்தனை நாளாகிறது என்று மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

நீலகிரியில் கேட்கும் அதிக விலைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இவைதான்.

முதலாவது, ஆப்பில் பார்த்த விலை. கோவையில் பழைய கார் விற்கும் பெரிய கம்பெனி அதே மாடலை 4,40,000 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து, "என் வண்டி அதைவிட நல்லா இருக்கு" என்று இவர் 4,75,000 போடுவார். கம்பெனியின் விலைக்குள் அவர்கள் செய்த பழுதுபார்ப்பு, பாலிஷ், சில மாத வாரண்டி, இடத்துக்கு வாடகை, லாபம், அந்த லாபத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கின்றன. தனியாள் தனியாளுக்கு விற்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது. வாரண்டியும் கிடையாது. சாவியைக் கொடுத்த மறுநிமிடம் கியர்பாக்ஸ் போனாலும் அது வாங்கியவர் பாடு. கம்பெனி விலையைத் தனியாள் கேட்கவே முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது, தான் கொடுத்த விலை. "ஆன்ரோடு எட்டரை லட்சம் ஆச்சுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அதில் சாலை வரி, முதல் வருட இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் அடக்கம். சீட் கவர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, கதவுக்கு மேலே ஒட்டும் மழைத்தடுப்பு, இவற்றுக்கு மறுவிற்பனையில் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் வாங்கியவர் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. நாலு மீட்டருக்குள் இருக்கும், 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு அதுவரை ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 29%. அன்றிலிருந்து 18%. வரிக்கு முன் 5,00,000 மதிப்புள்ள கார் 6,45,000-லிருந்து 5,90,000-க்கு இறங்கியது. புதுசே 55,000 குறைந்துவிட்டால், பழசின் விலையைப் பழைய பில்லை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வருட வண்டிகளில் இந்த வாதம் நன்றாக வேலை செய்யும். பத்து வருட வண்டியில் செய்யாது. அங்கே யாரும் புதுசின் விலையோடு ஒப்பிடுவதில்லை.

மூன்றாவது, கடன் பாக்கி. வங்கிக்கு இன்னும் 4,20,000 கட்டவேண்டும் என்றால் 4,20,000-க்குக் கீழே அவரால் வரவே முடியாது. இதைப் பிடிவாதம் என்று நினைத்துப் பேரம் பேசி நேரத்தை வீணாக்கவேண்டாம். வண்டியின் மதிப்பு 3,60,000 என்றால் மீதியை அவர் கையிலிருந்து போடவேண்டும். அவர் அதற்குத் தயாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

நான்காவது, ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு. "இன்சூரன்ஸ்காரனே 4,60,000 போட்டிருக்கான்" என்பது அடிக்கடி காதில் விழும். ஐ.டி.வி. சந்தை விலை அல்ல. கார் தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்து வரும் எண் அது. ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் 20%, மூன்றுக்குள் 30%, நாலுக்குள் 40%, ஐந்துக்குள் 50% கழிவு. அதற்கு மேல் போனால் இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் தொகை. புதுப்பிக்கும்போது கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தேர்ந்தெடுக்கவும் இடம் உண்டு. ஆனால் இதே எண் வாங்குபவருக்கும் உதவும். கேட்கும் விலை ஐ.டி.வி.யைவிடக் கூடுதலாக இருந்தால் இப்படிச் சொல்லலாம்: "சார், நாளைக்கே கல்லாறு இறக்கத்தில வண்டி உருண்டு டோட்டல் லாஸ் ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி எனக்குக் கொடுக்கிறது இந்தத் தொகைதான். இதுக்கு மேல நான் எப்படிக் கொடுக்கிறது?" இதற்குப் பதில் சொல்லத் திணறாத விற்பனையாளர் குறைவு.

ஐந்தாவது, நீலகிரிப் பதிவான டி.என். 43 நம்பர். இது இந்த மலைக்கே உரியது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தபிறகு, டி.என். 43 பதிவெண்ணுக்கு ஒரு தனி மவுசு. இங்கே பதிவான வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம். ஊட்டியையும் மசினகுடியையும் இணைக்கும், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்கு இருக்கும் தடையும் இதற்கு இல்லை. கோவையில் வாங்கிய டி.என். 38 வண்டியைப் பெயர் மாற்றினாலும் நம்பர் டி.என். 38-ஆகவே இருக்கும் என்பதால் இந்த மவுசில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அதற்காக முப்பதாயிரம் கூடக் கேட்பதில் நியாயம் இல்லை. இங்கே குடியிருப்பவர் வேறு மாவட்ட நம்பர் வைத்திருந்தால் உள்ளூர்வாசிக்கான பாஸ் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. மசினகுடிப் பக்கம் அடிக்கடி போகிறவர் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கூடக் கொடுக்கலாம். கோத்தகிரியில் இருந்துகொண்டு ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் மட்டும் போய்வருபவருக்கு அதுவும் தேவையில்லை.

ஆறாவதுதான் பெரியது. அதை விரிவாகப் பார்க்கவேண்டும்.

"கிலோமீட்டர் ரொம்பக் கம்மிங்க"

மலையில் ஓடிய வண்டிக்கு ஓடோமீட்டர் எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஏழு வருடத்தில் 38,000 கிலோமீட்டர் என்பது இங்கே சாதாரணம். கீழே சமவெளியில் இருப்பவருக்கு அது அதிசயமாகத் தெரியும், அதற்காக விலையைக் கூட்டிக் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். மலைப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 25 என்று வைத்தால் 40,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடியது 1,600 மணி நேரம். அவிநாசி ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் சராசரி 50-ல் ஓடிய வண்டிக்கு அதே 1,600 மணி நேரத்தில் 80,000 கிலோமீட்டர் வந்திருக்கும். அந்த நேரம் முழுவதும் மலைவண்டி இரண்டாவது மூன்றாவது கியரில் ஏறியிருக்கிறது, அல்லது பிரேக்கில் இறங்கியிருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. சீசனில் ஒவ்வொன்றிலும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, பாதி கிளட்சில் கிளம்பவேண்டும். கிளட்ச் பிளேட்டுக்கு கிலோமீட்டர் கணக்கு தெரியாது, எத்தனை முறை வழுக்கவிட்டார்கள் என்பதுதான் தெரியும்.

ஆக, குறைந்த ஓட்டத்துக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம். பாகங்களைப் பாருங்கள், அவை பேசும்.

வண்டி பார்க்கப் போவதை விடியற்காலையில் வையுங்கள். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பலவீனமான பேட்டரியும் டீசல் வண்டியின் செத்துப்போன குளோ பிளக்கும் மறைக்க முடியாமல் வெளிப்படும். முதல் ஸ்டார்ட்டில் வரும் வெள்ளைப் புகை குளிரால் வரும் நீராவியாக இருக்கலாம். சூடேறிய பிறகும் நிற்காவிட்டால்தான் யோசிக்கவேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர்க்களி மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தால் கீழேயுள்ள மெக்கானிக் உடனே ஹெட் கேஸ்கெட் போச்சு என்பார். இங்கே அப்படி முடிவுகட்டக் கூடாது. வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவார்கள். உள்ளே படியும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அப்படி ஆகும். கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, கூலன்ட் அளவு குறைகிறதா, டிப்ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு இருக்கிறதா என்று பார்த்தபிறகு பேசுங்கள். வெறும் ஈரம் என்றால் ஆயில் மாற்றிச் சில தடவை நீளமாக ஓட்டினால் போகும். ஆனால் இதுவே ஒரு துப்பு. கிலோமீட்டர் ஏறவில்லையே என்று வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். சர்வீஸ் பில்களில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். பி.எஸ். 6 டீசல் என்றால் இந்தக் குட்டிக் குட்டி ஓட்டம் சைலன்சரில் உள்ள புகைக்கரி வடிகட்டியை (டி.பி.எஃப்.) அடைத்துவிடும். டேஷ்போர்டில் அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், ஸ்கேனர் போட்டும் பார்க்கவேண்டும்.

கூலன்ட் என்று சொன்னேன், அதன் நிறத்தைக் கவனியுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்கள் இங்கே நிறைய. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காவிட்டால் ஏற்றத்தில் பொங்கிவிடும். துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் இருந்தால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூன்றையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

இதே உயரம் விற்பவருக்குச் சாதகமான ஓர் உண்மையையும் வைத்திருக்கிறது, அதை மறைத்துப் பேரம் பேசுவது நியாயமில்லை. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் ஓட்டிப் பார்த்து "இழுவையே இல்லை, இன்ஜின் வீக்" என்பது தவறான குற்றச்சாட்டு. சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சமமான ரோடு வேண்டாம், மேடு தேடுங்கள். மூன்றாவது கியரில் 40-ல் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் மாற்றும்போது பிளேட்டை மட்டும் மாற்றுவது மலையில் வீண்வேலை. பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்த செட்டுக்குத்தான் விலை கேட்டு வையுங்கள். கிளட்சை மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது அந்தப் பேரிங்தான். சில டீசல் கார்களில் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் சேர்ந்து போகும். அங்கே செலவு பல மடங்காகிவிடும், அதனால் டீசலில் இந்தச் சோதனையை விட்டுவிடவே கூடாது.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் வந்து, லேசாக பிரேக் பிடியுங்கள். ஸ்டீரிங் ஆடினால் முன் டிஸ்க் கோணியிருக்கிறது. நிறுத்தி, டிஸ்கின் விளிம்பை விரலால் தடவுங்கள். உயர்ந்த வரம்பு தட்டுப்பட்டால் தேய்மானம் அதிகம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். பிரேக் ஆயில் காபி நிறத்தில் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியதை மாற்றவில்லை என்று பொருள். ஈரம் குடித்த பிரேக் ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இதை விலையில் கழிப்பதற்காகச் சொல்லவில்லை, செலவு சிறியது. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் முன் மாற்றிவிடவேண்டும். ஹேண்ட்பிரேக் ஐந்தாறு பல்லுக்குள் மேட்டில் வண்டியை நிறுத்தவேண்டும்.

டயரில் கட்டை (தேயாமல் மிச்சமிருக்கும் ரப்பர்) இருக்கிறதா என்று நடுவில் மட்டும் பார்க்கிறார்கள். வளைவுகளால் மலைவண்டியின் முன் டயர்கள் தோள்பட்டையில்தான் தேயும். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். கட்டை எவ்வளவு இருந்தாலும் ஏழு வருட ரப்பர் மழையில் பிடிக்காது. இதிலேயே ஓடோமீட்டருக்கும் ஒரு சோதனை கிடைக்கும். 30,000 ஓடியது என்று காட்டும் வண்டியில் டயர்கள் ஏற்கெனவே இரண்டாவது செட் என்றால், பெடல் ரப்பர் வழுவழுத்துப்போய், டிரைவர் சீட்டின் ஓரம் நசுங்கியும் இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் தேதிகளையும் கிலோமீட்டரையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஈரம். சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் வண்டியில் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டின் வடிகால் இலையால் அடைபடும். தண்ணீர் வழி தேடி உள்ளே இறங்கும். முன் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கிக் கையை அழுத்திப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழி, கதவின் அடிவிளிம்பு, பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், இந்த மூன்றிலும் துரு தேடுங்கள். மேலோட்டமான துருவுக்கு டிங்கரிங் உண்டு. சேசிஸ் கட்டையில் ஸ்குரூடிரைவர் குத்தினால் உள்ளே போகிற வண்டிக்கு எந்த விலையும் சரியான விலை அல்ல. பூஞ்சை வாசம் வந்தால் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், கரும்புள்ளிகள் அங்கே ஒளிந்திருக்கும். ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டர்களில் பச்சை படிந்திருந்தால் அந்த எலக்ட்ரிகல் கோளாறு ஒரே நாளில் தீராது. பக்கவாட்டில் பெரிய பட்டி வேலை இருந்தால் "காட்டெருமை முட்டிச்சு" என்பார்கள். இந்த ஊரில் அது உண்மையாகவும் இருக்கலாம். இன்சூரன்ஸ் க்ளெயிம் விவரம் கேட்டால் தெரிந்துவிடும்.

விலையைக் கட்டுவது

இப்போது உங்கள் எண்ணை உருவாக்கவேண்டும். மேல் எல்லை, கோவையில் வாரண்டியோடு விற்பவர்கள் போட்டிருக்கும் விலை. கீழ் எல்லை, அதே ஆட்கள் அந்த வண்டியை வாங்கிக்கொள்வதாக இருந்தால் கொடுக்கும் விலை. ஆப்பில் விவரம் போட்டால் ஒரு தோராயம் சொல்லுவார்கள், நேரில் சோதித்தபின் பெரும்பாலும் குறைப்பார்கள். தனியாள் விற்பனை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இருவருக்கும் லாபம்.

கணக்குக் காட்டுவதற்காக ஒரு கற்பனை வண்டி. 2019 பெட்ரோல் ஹேட்ச்பேக், 38,000 கிலோமீட்டர், கேட்பது 4,75,000. மேல் எல்லை 4,40,000. கீழ் எல்லை 3,50,000. நடு 3,95,000. இனிக் கழிவு. நாலு டயர் 18,000, கிளட்ச் செட் கூலியோடு 9,000, முன் டிஸ்க்கும் பேடும் 6,000, பேட்டரி 4,500. மொத்தம் 37,500. மிச்சம் 3,57,500. முதலில் 3,45,000 சொல்லலாம், 3,60,000-க்கு மேல் போகவேண்டாம். இந்தத் தொகைகள் உதாரணம்தான். உங்கள் மெக்கானிக்கிடமும் டயர் கடையிலும் அந்த மாடலுக்கு எழுதி வாங்குங்கள். கையில் இருக்கும் கொட்டேஷன் வாயால் சொல்லும் எண்ணைவிடப் பலமடங்கு கனம்.

கழிக்கும்போது நேர்மையாகக் கழியுங்கள். வயதுக்கு ஏற்ற தேய்மானம் நடுவிலையிலேயே அடங்கியிருக்கிறது. பாதி தேய்ந்த டயருக்கும் வைப்பர் பிளேடுக்கும் பம்பர் கீறலுக்கும் கழித்தால் விற்பவர் உங்களைப் புரோக்கர் என்று முடிவுகட்டிவிடுவார். உடனே மாற்றாமல் மலையில் ஓட்ட முடியாதவற்றை மட்டும் கழியுங்கள். இன்சூரன்ஸை முழுக்கக் கழிப்பதும் சரியல்ல, எந்த வண்டிக்கும் அது உங்கள் செலவு. ஆனால் விற்பவரின் 50% நோ க்ளெயிம் போனஸ் வண்டியோடு உங்களுக்கு வராது, அது அவருடையது. பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும் என்பதை உங்கள் பட்ஜெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாருதி 800, ஜிப்ஸி, ஜீப் இவற்றில் மேலே சொன்ன எல்லைகள் வேலை செய்யாது. அங்கே விலை ஆசையால் வருவது. ஒன்று மட்டும் பாருங்கள். 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, ஆக கடைசியில் வந்த வண்டிக்கே 2029-ல் 15 வருடம் முடியும். 15 வருடம் தாண்டியதற்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000, 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000, அதோடு பசுமை வரி, எஃப்.சி.க்குத் (தகுதிச் சான்று) தயார் செய்யும் டிங்கரிங், பெயின்ட். புதுப்பிப்பு முடிந்து ஐந்து வருடம் கையில் இருக்கும் வண்டிக்கும், மூன்று மாதத்தில் முடியப்போகும் வண்டிக்கும் ஒரே விலை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேசுவது

வண்டியை இழித்துப் பேசி விலை குறைத்தவர்களைவிட உறவு முறித்தவர்களே அதிகம். வெலிங்டனிலோ குன்னூரிலோ ஓய்வுபெற்றவர் பத்து வருடம் தானே துடைத்து வைத்த வண்டி என்றால் அதில் குறை சொல்வது அவரையே சொல்வது மாதிரி. வண்டி நல்லதுதான் என்று ஒத்துக்கொண்டே காகிதத்தை நீட்டலாம்.

"சார், வண்டியை நீங்க வெச்சிருக்கிற விதத்தில எனக்குக் குறையே இல்ல. நான் எடுத்தா முதல் மாசத்தில செலவாகிறது இவ்வளவு, இதோ எழுதியிருக்கேன். கோவையில இதே வண்டி வாரண்டியோட 4,40,000-க்கு நிக்குது. என்னால முடியறது 3,45,000."

சொன்னபிறகு பேசாமல் இருங்கள். இந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் தாங்களே ஐயாயிரம் ஏற்றிச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அவர் "நாலரைக்குக் கீழ இல்ல" என்றால், "சரிங்க சார், என் விலை இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கும்" என்று நம்பரை விட்டுவிட்டு வாருங்கள். திரும்பத் திரும்பப் போன் செய்யவேண்டாம். விளம்பரம் போட்டு எத்தனை நாள் என்று முதலில் கேட்டது இதற்குத்தான். நாலு நாளான வண்டிக்காரர் இறங்கமாட்டார். இரண்டு மாதமான வண்டிக்காரர் இறங்குவார், அதுவும் இன்சூரன்ஸ் முடியும் தேதி நெருங்கினாலோ, தென்மேற்குப் பருவமழை தொடங்கி வண்டி தார்ப்பாய்க்குள் நின்றாலோ இன்னும் சீக்கிரம் இறங்குவார். சீசனுக்கு முன்னால், மார்ச், ஏப்ரலில், ஹோம்ஸ்டேக்காரர்களும் டாக்சிக்காரர்களும் பெரிய வண்டி தேடுவார்கள். பொலேரோ, எர்டிகா மாதிரி வண்டிகளுக்கு அப்போது பேரம் பேசிப் பயனில்லை. மாறாக, வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடிந்து அதிகாரிகள் மாற்றலாகும் ஏப்ரல் வாக்கில் சிறிய கார்கள் மலிவாக வரும். விற்கும் அதிகாரிக்கு ஊருக்குப் போகும் தேதி குறித்தாகிவிட்டது. அந்த வண்டிகள் வேறு மாநிலப் பதிவாக இருக்கும் என்பதுதான் சிக்கல்.

வெளிமாநில நம்பரின் விலை கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். கூடலூரில் கேரளப் பதிவெண் வண்டி ஐம்பதாயிரம் மலிவாகக் கிடைப்பது இப்படித்தான். பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுக்கு வயதுக்கேற்ற ஆயுள் வரி, புது நம்பர் பிளேட், அலைச்சல், எல்லாம் உங்கள் தலையில். வரி எவ்வளவு என்று கூடலூர் பகுதி அலுவலகத்திலோ ஊட்டியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசவே பேசாதீர்கள். என்.ஓ.சி. எடுத்துத் தருவது விற்பவர் பொறுப்பு என்று முதலிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு காலத்தில் டாக்சியாக மஞ்சள் போர்டில் ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. பழைய வரி, பர்மிட் காகிதங்களையும் ஆர்.சி. விவரத்தையும் பாருங்கள். தினம் கல்லாறு ஏறி இறங்கிய வண்டிக்கு மேலே போட்ட நடுக்கணக்கு பொருந்தாது, கீழ் எல்லையிலிருந்து ஆரம்பியுங்கள்.

விலை படிந்துவிட்டால் முன்பணம் ஐந்தோ பத்தோ ஆயிரம் போதும். ரசீதில் மொத்த விலை, மீதி தரும் தேதி, கடன் அல்லது அபராத பாக்கி தெரியவந்தால் முன்பணம் திரும்பும் என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். அரசின் பரிவாகன் தளத்தில் அபராத சலான்களையும், ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன்) பதிவையும் அன்றே பாருங்கள். கடன் இருந்தால் வங்கியிடம் முன்கூட்டிய முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்கி, அந்தப் பணத்தை விற்பவர் கையில் தராமல் கடன் கணக்குக்கே நேராகச் செலுத்துங்கள். வங்கி என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வந்தபின் மீதி. மொத்தமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தடை, ரொக்கத்தை வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம். விற்பவர் ரொக்கம் கேட்டால் இதைச் சொல்லுங்கள், தானே வங்கிக் கணக்கு எண்ணைத் தருவார்.

கடைசியாக வாங்கவேண்டியவை: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, இரண்டிலும் கையெழுத்து, இரண்டாவது சாவி, வண்டி கைமாறிய தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட். "பேரு அப்புறம் மாத்திக்கலாம், அதுக்கு இன்னும் அஞ்சாயிரம் குறைச்சுத் தர்றேன்" என்று விற்பவர் சொன்னால் அந்த ஐந்தாயிரம் வேண்டாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் அவருக்கும் அது நல்லதல்ல. வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றச் சொல்லவேண்டும். விற்பவரின் ஃபாஸ்டேக்கை அவரே ரத்து செய்துகொள்ளட்டும், உங்கள் பெயரில் புதுசு ஒட்டிக்கொள்ளுங்கள்.